திருச்சி – சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கானாடுகாத்தானில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எழுபத்தெட்டு வயது அப்பத்தாவைச் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அப்பத்தாவுக்கு இது முதல் விமானப் பயணம். "வானத்துல எம்புட்டு நேரம்ப்பா இருக்கணும்?" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்பதாம். பேரன் இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் தூரம் 2,982 என்கிறது, இன்னொன்றில் 1,853, மூன்றாவதில் 1,609. டிக்கெட்டைப் பார்த்தால் இன்னும் குழப்பம். போகும்போது இரவு 12.30க்குக் கிளம்பி காலை 7.10க்கு இறங்குகிறது, வரும்போது இரவு 8.30க்குக் கிளம்பி 10.15க்கே திருச்சியில் இறங்கிவிடுகிறது. போக 6 மணி 40 நிமிடம், வர 1 மணி 45 நிமிடமா? கூடவே, திருச்சிக்குப் பதில் மதுரையோ சென்னையோ மேலா, கொழும்பு வழியாக மலிவாக வருகிறதே அது பரவாயில்லையா என்றும் கேட்கிறார்.

தம்பி, முதலில் அப்பத்தாவுக்கான பதில். விமானத்துக்குள் உட்கார்ந்ததில் இருந்து எழுந்திருக்கும் வரை நாலேகால் மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு முன்பின். போகவும் அதேதான், வரவும் அதேதான். தூரம் 2,980 கிலோமீட்டர். இதை மட்டும் அவரிடம் சொன்னால் போதும். மீதியை நீங்கள் படியுங்கள்.

நீங்கள் பார்த்த மூன்று எண்ணும் சரியானவை. 2,982 என்பது கிலோமீட்டர். 1,853 என்பது நாம் சாதாரணமாகச் சொல்லும் மைல். 1,609 என்பது கடல் மைல், அதாவது நாட்டிகல் மைல். விமானிகளும் கப்பல்காரர்களும் புழங்குவது இது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 1929இல் மொனாக்கோவில் கூடிய சர்வதேச மாநாட்டில் இந்த அளவை நிர்ணயித்தார்கள். தளங்கள் பக்கத்தில் சின்ன எழுத்தில் அலகைப் போட்டுவிடுவதால் கண்ணில் படுவதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: ஒரு மைலுக்கு 1,609 மீட்டர், ஒரு கடல் மைலுக்கு 1,852 மீட்டர். திருச்சி–சிங்கப்பூர் தூரத்தை மீட்டரில் சொன்னால், இந்த இரண்டையும் பெருக்கினால் வருகிற எண்ணோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அதனால்தான் மைலில் சொன்னால் 1,85x, கடல் மைலில் சொன்னால் 1,609 என்று பழகிய எண்களாகவே வந்து நிற்கின்றன. தற்செயல்தான், ஆனால் மறக்காது.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. யாரும் விமானத்தின் பின்னால் டேப் பிடித்து அளக்கவில்லை. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் படித்த சைன், கோசைன் போதும். திருச்சி விமான நிலையம் வடக்கு 10.77 பாகை, கிழக்கு 78.71 பாகை. சாங்கி வடக்கு 1.35, கிழக்கு 103.99. இரண்டு தீர்க்கரேகைக்கும் வித்தியாசம் 25.28 பாகை. கைப்பேசிக் கால்குலேட்டரைப் படுக்கை வாக்கில் திருப்பினால் சைன், கோசைன் பொத்தான்கள் வரும். இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள்: 0.0044. இரண்டு அட்சரேகைகளின் கோசைனையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.8880. இரண்டையும் கூட்டினால் 0.8924. எந்தக் கோணத்துக்கு இந்தக் கோசைன் என்று திருப்பிக் கேட்டால் 26.82 பாகை என்று விடை வரும். பூமியின் நடுவில் உட்கார்ந்து பார்த்தால் திருச்சிக்கும் சாங்கிக்கும் இடையில் தெரியும் கோணம் அது. பூமியைச் சுற்றி 360 பாகைக்கு ஏறத்தாழ 40,030 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு பாகைக்கு 111.2. பெருக்கிப் பாருங்கள், 2,982. பாகையை 60ஆல் பெருக்கினால் நேராகக் கடல் மைல் வந்துவிடும், 1,609. கடல் மைலை அப்படித்தான் வகுத்தார்கள், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு.

தளத்துக்குத் தளம் ஐந்து, பத்து கிலோமீட்டர் முன்பின் வருவதற்கும் காரணம் உண்டு. சிலர் பூமியைச் சரியான உருண்டை என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். சிலர் நடுவில் கொஞ்சம் பருத்தது என்ற உண்மையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இன்னும் சில தளங்கள் விமான நிலையத்தை விட்டுவிட்டு ஊர் நடுவில் இருந்து ஊர் நடுவுக்கு அளக்கும். சாங்கி, தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. உங்கள் அப்பத்தா கும்பிடப் போகிற டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் அங்கிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் போல. 1859இல் நகரத்தார் கட்டிய கோயில் அது, ஊரின் நடுப்பகுதியில் இருக்கிறது. ஊர் நடுவை வைத்து அளந்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் குறையத்தான் செய்யும். டிக்கெட் வாங்குகிறவருக்கு இதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

கணக்கில் வரும் கோடு எந்த ஊர் மேலே போகிறது என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் நேரம் போவதே தெரியாது. ஒரு எலுமிச்சம்பழத்தில் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய் நிற்கும் அல்லவா, அந்தக் கோடுதான் இது. திருச்சியில் கிளம்பி, கிழக்கே சற்றுத் தெற்காகச் சாய்ந்து, வேதாரண்யம் பக்கமாகக் கரையைக் கடந்து கடலுக்குப் போகிறது. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே போகிறது, இலங்கையைத் தொடுவதில்லை. பிறகு வங்கக் கடல் மட்டும்தான், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கிரேட் நிக்கோபாரின் தென்முனைக்குத் தெற்கே தாண்டி, சுமத்ராவின் ஆச்சே மேல் ஏறி, மேடான் நகரத்துக்குப் பக்கத்திலேயே போய், மலாக்கா நீரிணையில் இறங்கி, சாங்கிக்கு வருகிறது.

விமானம் இந்தக் கோட்டின் மேலேயே போகாது. வானத்திலும் பெயர் வைத்த புள்ளிகளும் பாதைகளும் இருக்கின்றன. சென்னைக் கட்டுப்பாட்டு அறையின் எல்லையில் இருந்து அடுத்த நாட்டின் எல்லைக்குக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புகிறார்கள். அதனால் உண்மையில் பறக்கிற தூரம் கணக்கில் வந்ததைவிடச் சில பத்துக் கிலோமீட்டர் கூடும். வழியில் இடிமேகம் நின்றால் அதைச் சுற்றிப் போவதில் இன்னும் கொஞ்சம். கிழக்கே போகிற விமானத்துக்கு ஒற்றைப்படை உயரம், மேற்கே வருகிறதுக்கு இரட்டைப்படை. போகும்போது 33,000, 35,000, 37,000 அடி. வரும்போது 34,000, 36,000, 38,000. எதிரெதிரே வருகிற இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் அடி இடைவெளி இருக்கும். விமானி உயரத்தை அறிவிக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள், சரியாக இருக்கும்.

இனி டிக்கெட் நேரம். டிக்கெட்டில் எந்த ஊர் பெயருக்குக் கீழே நேரம் போட்டிருக்கிறதோ அது அந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நீங்கள் திருச்சியில் 12.30க்குக் கிளம்பும்போது அங்கே விடிகாலை 3 மணி. 3 மணியில் இருந்து 7.10 வரை என்றால் 4 மணி 10 நிமிடம். திரும்பும்போது அங்கே இரவு 8.30 என்றால் இங்கே மாலை 6 மணி. 6 மணியில் இருந்து 10.15 வரை 4 மணி 15 நிமிடம்.

நேர வித்தியாசம் தெரியாத ஊராக இருந்தாலும் டிக்கெட்டை வைத்தே கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. போக வர இரண்டு 'பொய்' நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுங்கள். 6.40உம் 1.45உம் கூட்டினால் 8 மணி 25 நிமிடம். அதில் பாதி 4 மணி 12 நிமிடம். ஒரு பக்கம் கூடின இரண்டரை மணி நேரம் மறு பக்கம் குறைந்துவிடுகிறது, கூட்டும்போது கரைந்துபோகிறது. கழித்துப் பாதியாக்கினால் கடிகார வித்தியாசமே வந்துவிடும்: 4 மணி 55 நிமிடத்தில் பாதி, 2 மணி 27 நிமிடம், அதாவது இரண்டரை. துபாய், லண்டன், எந்த ஊர் டிக்கெட்டுக்கும் இது பொருந்தும், நேரடி விமானமாக இருந்தால்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது "சிங்கப்பூருக்கும் நமக்கும் ரெண்டு மணி நேரம்தானே வித்தியாசம்" என்று சாதித்தால் சண்டைக்குப் போக வேண்டாம். அவர்கள் காலத்தில் அது உண்மை. 1982 புத்தாண்டில்தான் மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளின. அதற்கு முன்னால் போய் வந்தவர்களுக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு.

சரி, 2,980 கிலோமீட்டருக்கு 4 மணி 10 நிமிடம் என்றால் வேகம் மணிக்கு எழுநூற்றுச் சொச்சம்தானே ஆகிறது, விமானம் எண்ணூறுக்கு மேல் போகுமென்று படித்தேனே என்று அடுத்துக் கேட்பீர்கள். இந்த வழித்தடத்தில் ஓடுகிற ஏ320, 737 வகை விமானங்கள் உயரத்துக்குப் போய்ச் சமநிலைக்கு வந்த பிறகு மணிக்கு 830 கிலோமீட்டர் போல ஓடும். அந்த வேகத்திலேயே முழுத் தூரத்தையும் கடந்தால் 3 மணி 35 நிமிடம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு; அதில் ஒரு பத்து நிமிடம் கூடுகிறது. டிக்கெட்டில் போடுகிற நேரமோ, விமானம் நிற்கிற இடத்தில் இருந்து அசைவது முதல் மறுபடி போய் நிற்கிற இடத்தில் ஓய்வது வரை. திருச்சியில் பின்னுக்குத் தள்ளி, ஊர்ந்துபோய், ஓடுபாதைக்கு வந்து நிற்க ஒரு கால் மணி. சாங்கியில் இறங்கிய பிறகு ஊர்வதற்குப் பத்து நிமிடமாவது ஆகும். அங்கே ஓடுபாதை ஒன்றே நாலு கிலோமீட்டர் நீளம். எல்லாம் சேர்ந்துதான் 4.10.

தூரத்தைப் போட்டால் பயண நேரம் சொல்கிற தளங்கள் பலவும் ஒரு எளிய சூத்திரத்தை வைத்திருக்கின்றன: மணிக்கு 500 மைல், அதோடு ஏற இறங்க அரை மணி. 1,853 மைலுக்குப் போட்டுப் பாருங்கள், 4 மணி 12 நிமிடம். இந்தத் தடத்துக்குப் பிசகாமல் பொருந்துகிறது. பக்கத்து ஊருக்கு இதே சூத்திரத்தை நம்பிவிடாதீர்கள். திருச்சியில் இருந்து சென்னை வான்வழி 294 கிலோமீட்டர்தான். சூத்திரப்படி ஐம்பத்திரண்டு நிமிடம்தான். அட்டவணையில் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் போட்டிருப்பார்கள். குறுகிய தடத்தில் பறக்கிற நேரத்தைவிட ஊர்கிற நேரமும் வரிசையில் நிற்கிற நேரமும்தான் ஆட்சி செய்யும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்போம். அந்தக் காற்று மேற்கில் இருந்து வீசுவது. விமானம் முடிந்தவரை காற்றை எதிர்த்துத்தான் ஏறும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆக, ஆடி ஆவணியில் பெரும்பாலும் மேற்கு நோக்கி ஓடி ஏறி, பிறகு வளைந்து திரும்பிக் கிழக்கே போக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று வரும்போது கிழக்கு நோக்கியே ஏறிவிடலாம், வளைவு மிச்சம்.

ஆனால் தரையில் மேற்குக் காற்று அடிக்கிற அதே ஆடி மாதத்தில், விமானம் பறக்கிற பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிராகக் கிழக்கில் இருந்து மேற்கே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே, பதினாலு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில்தான் அதன் உக்கிரம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் தலைக்கு மேல் ஓடுகிற இந்தக் கீழைத் தாரைக்காற்றை 1950களில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் நம் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம். ஊரில் புழுதி கிழக்கே பறக்கும், வானத்தின் உச்சியில் காற்று மேற்கே ஓடும். நடுவில் நிற்கிற நமக்குத் தெரிவதே இல்லை.

இதனால் உங்களுக்கு என்ன? ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூர் போகிற விமானத்துக்கு எதிர்க்காற்று, திரும்பி வருகிறதுக்குப் பின்காற்று. உதாரணத்துக்குக் காற்று 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் தரைவேகம் 793, முழுத் தூரத்துக்கு 3 மணி 45 நிமிடம். பின்காற்றில் 867, 3 மணி 26 நிமிடம். இருபது நிமிடம் வித்தியாசம். காற்று இன்னும் பலமாக இருந்தால் அரை மணி வரை போகும். தை, மாசியில் இந்தப் பாதையில் மேல்காற்று அவ்வளவு பலமாக இராது. போக வர ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

விமானக் கம்பெனிகள் இதையெல்லாம் தினம் தினம் மாற்றி அச்சிட மாட்டார்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி வரை ஒரு கோடை அட்டவணை, மீதிக்கு ஒரு குளிர்கால அட்டவணை. தாமதமாகாமல் இருக்கக் கொஞ்சம் நேரத்தைத் தாராளமாகவே போட்டுவைப்பார்கள். அதனால் 7.10 என்று போட்டிருந்தாலும் 6.55க்கே தரை தொட்டுவிடுகிற நாளும் உண்டு. அதை நம்பி அக்காவைச் சீக்கிரமாக வந்து நிற்கச் சொல்ல வேண்டாம். விடிகாலையில் சுமத்ராப் பக்கம் இருந்து சிங்கப்பூரின் மேல் திடீரென்று இடியும் மழையுமாக ஒரு சூறை வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அடிக்கடி வருவது. அன்றைக்கு வானத்திலேயே இருபது நிமிடம் வட்டமடிக்க வைப்பார்கள். விமானத்தில் அதற்கும் சேர்த்துத்தான் எரிபொருள் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. அப்பத்தாவிடம் இதை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

திருச்சியா, மதுரையா, சென்னையா? வான்வழித் தூரத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். சென்னை–சிங்கப்பூர் 2,925 கிலோமீட்டர், திருச்சி 2,980, மதுரை 3,015. மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் தொண்ணூறு கிலோமீட்டர்தான் இடைவெளி. விமானத்துக்கு அது ஏழு நிமிடம். வித்தியாசம் முழுக்கத் தரையில் இருக்கிறது. காரைக்குடியில் இருந்து சென்னைக்குப் பல்லவனில் போனாலே ஏழு மணி நேரம் போல ஆகும், அப்புறம் எழும்பூரில் இருந்து மீனம்பாக்கம். எழுபத்தெட்டு வயதில் அது வேண்டாத அலைச்சல். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே அவனியாபுரம் பக்கம் இருப்பதால், நம் பக்கத்தில் இருந்து போகிறவர் மதுரையைத் தாண்டித்தான் போக வேண்டும். திருச்சி விமான நிலையமோ புதுக்கோட்டைச் சாலையிலேயே, ஊருக்கு வெளியே, நம்மைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கானாடுகாத்தானில் ஏறினால் திருமயம், புதுக்கோட்டை, கீரனூர், மாத்தூர், அவ்வளவுதான். திருச்சி ஊருக்குள் நுழைகிற வேலையே இல்லை. புது முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த பிறகு உள்ளே உட்கார இடமும் தாராளமாகிவிட்டது. தேவகோட்டைக்குத் தெற்கே, மானாமதுரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மதுரையும் யோசிக்கத்தக்கது. உங்களுக்குத் திருச்சிதான், யோசனையே வேண்டாம்.

செட்டிநாட்டிலேயே ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறதே, அதைத் திறந்தால் என்ன என்று டீக்கடையில் கேட்பார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தது அது. திறந்தாலும் முதலில் சின்ன விமானம்தான் வரும், சிங்கப்பூருக்கு நேராகப் போகாது. நீங்கள் இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள்.

கொழும்பு வழியாக மலிவாக வருவதைப் பற்றி. தூரத்தில் பெரிய நட்டமில்லை. திருச்சி–கொழும்பு 420, கொழும்பு–சிங்கப்பூர் 2,750, கூட்டினால் 3,170. நேர்வழியைவிட 190 கிலோமீட்டர் அதிகம், அவ்வளவுதான். கோலாலம்பூர் வழி இன்னும் ஆச்சரியம்: 2,690உம் 297உம் சேர்ந்தால் 2,987. நேர்வழியைவிட ஏழு கிலோமீட்டர்தான் கூடுதல், அதாவது கோலாலம்பூர் ஏறக்குறைய வழியிலேயே இருக்கிறது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். இறங்கி, நடந்து, மறுபடி சோதனை, காத்திருப்பு, மறுபடி ஏற்றம். நாலு மணிப் பயணம் எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து மணியாக நீளும். இரண்டு டிக்கெட்டும் ஒரே பதிவில் இல்லையென்றால் முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் கேட்பாரில்லை. தனியாகப் போகிற இளைஞனுக்கு அந்த நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் மிச்சம் பெரிது. முழங்கால் வலிக்கிற அப்பத்தாவோடு போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போடுவோம். உங்களுக்கு உண்மையில் வேண்டியது இதுதான். 12.30 விமானத்துக்கு 9.30க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கவுண்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மூடிவிடுவார்கள். கானாடுகாத்தானில் இருந்து எழுபது கிலோமீட்டர் போல. புதுக்கோட்டையில் நெரிசல், கீரனூரில் ஒரு டீ எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி. ஆக 7.45க்கு வண்டியில் ஏறிவிட வேண்டும். காலை 7.10க்கு இறங்கி, குடிநுழைவு, பெட்டி, டாக்சி எல்லாம் முடித்து அக்கா வீட்டுக்குப் போகும்போது அங்கே 9 மணி, நம் கடிகாரத்தில் 6.30. மொத்தம் பதினொரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் வானத்தில் இருந்தது மூன்றில் ஒரு பங்குதான்.

தேதியைப் பற்றி ஒன்று. இந்த நள்ளிரவு விமானங்களில் வருடா வருடம் யாராவது ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவது 14ஆம் தேதி சாயங்காலம். 15ஆம் தேதி ராத்திரி என்று நினைத்து, பணியாரம் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்து சேர்ந்தால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். நாள்காட்டியில் 14ஆம் தேதிக் கட்டத்தில் "இன்று ராத்திரி" என்று கையால் எழுதி மாட்டிவிடுங்கள். நல்ல நேரம் பார்த்துக் கிளம்புகிற வீடு என்றால் அந்த 14ஆம் தேதிக்கே பாருங்கள்.

சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், கவுண்ட்டரில் போய்க் கேட்பது தாமதம். சாங்கியில் நடை அதிகம். விசா இருக்கிறதா, கடவுச்சீட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் இலவசம். காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் இல்லை. தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை எதுவானாலும் கைப்பையில் வரலாம். ஊறுகாயும் நல்லெண்ணெயும் பெரிய பெட்டிக்குள், கசியாமல் கட்டி.

உங்கள் அப்பத்தா, அவருடைய மாமனார் காலத்துக் கப்பல் கதையை எடுத்தால் அதையும் கேட்டு வையுங்கள். 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கு, சிங்கப்பூர் போகும். ஒரு வாரம் போலத் தண்ணீரிலேயே. பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தே நின்றது. அந்தக் கப்பல்கள் போன தடமும் நிக்கோபாருக்கும் ஆச்சேக்கும் நடுவில் நுழைந்து மலாக்கா நீரிணையில் இறங்குவதுதான். நீங்கள் போகும்போது ராத்திரி, ஒன்றும் தெரியாது. கிளம்பி இரண்டேகால் மணி நேரம் கழித்து, வானம் தெளிவாக இருந்தால், கடலின் இருட்டுக்கு நடுவில் முதல் விளக்குகள் தெரியும். அது சுமத்ரா. ஜன்னல் பக்கம் அப்பத்தாவை உட்கார வையுங்கள், ஆனால் அடிக்கடி பாத்ரூம் போகிறவர் என்றால் நடைபாதைப் பக்கம்தான் சரி.

ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். வாயில் ஒரு புளிப்பு மிட்டாய் போட்டுச் சப்பச் சொல்லுங்கள், எச்சில் விழுங்க விழுங்கத் திறந்துகொள்ளும். இறங்கும்போது தூங்கிக்கொண்டிருந்தால் அரை மணி முன்னால் எழுப்பிவிடுங்கள். மாத்திரைகள் மருந்துச் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட வேண்டாம். பிரஷர் மாத்திரையைத் தினம் காலை 8 மணிக்குப் போடுகிறவர் என்றால், அங்கே 10.30 ஆகும்போதுதான் நம் ஊரில் 8 மணி. இரண்டரை மணி நேரம் பெரிய மாற்றம் இல்லை என்றாலும், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவராக இருந்தால் சாப்பாட்டு நேரமும் சேர்ந்து மாறுகிறது. எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன்னால் அவர் பார்க்கிற டாக்டரிடம் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.